நம்பர் அக்கா போனை அணைத்த மூன்று நாள்

அந்தக் குடியிருப்பில் எண்பது சொச்சம் வீடுகள். அவற்றில் நாற்பத்தொரு வீட்டுக்காரர்கள் எந்தப் பாரம் நிரப்பினாலும் கைபேசி எண் என்ற கட்டத்தில் ஒரே எண்ணைத்தான் எழுதுவார்கள். பரீட்சைப் பாரமா, வேலைக்கு மனுவா, ஆஸ்பத்திரிச் சீட்டா, எல்லாவற்றுக்கும் அதே எண். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரி பள்ளிக்கூடத்தில் கிளார்க். பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வெளியில் அவள் நம்பர் அக்கா. மாமியாருக்கும் அக்கா, மருமகளுக்கும் அக்கா, பால் பல் விழுந்த பிள்ளைக்கும் அக்கா. தலைமையாசிரியரே ஒரு நாள் வாய் தவறி, "நம்பர் அக்கா, அந்த ஃபைலை எடுங்க" என்று சொல்லிவிட்டு அசடு வழிந்தார்.

மற்றவர்களிடம் போன் இல்லாமல் இல்லை. நல்ல நல்ல போனெல்லாம் இருந்தது. படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், கரண்ட் போனால் விளக்காக அடிக்கலாம். பேச மட்டும் முடியாது. மலையின் மடிப்புக்குள் ஊர் உட்கார்ந்திருந்ததால் எந்தக் கோபுரத்தின் கண்ணிலும் அது படவில்லை. கோபுரம் வைக்கிறோம் என்று இரண்டு முறை ஆட்கள் வந்து குழி தோண்டினார்கள். ஒரு குழியில் இப்போது வாத்து நீந்துகிறது. பேசாத எண்ணைக் கம்பெனிக்காரன் எத்தனை நாள் உயிரோடு வைத்திருப்பான்? சில மாதத்தில் அது செத்துப்போகும். புது எண் வாங்குவார்கள், அதுவும் சாகும். பாரம் ஏற்றுகிற கம்ப்யூட்டருக்கு இந்தச் சங்கடமெல்லாம் புரியாது. எண்ணைக் கொடுத்தால்தான் அடுத்த பக்கம் போவேன் என்று முரண்டு பிடிக்கும்.

நம்பர் அக்காவிடம் ஒரு பழைய பட்டன் போன் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் மகன் வெளியூருக்கு வேலைக்குப் போனபோது, அவன் குரலைக் கேட்பதற்காக மலைப் பாதையெல்லாம் அந்தப் போனைத் தூக்கிப் பிடித்தபடி அலைந்தாள். ஊரிலிருந்து அரை மணி நேரம் மேலே ஏறினால் ஒரு வளைவு வரும். அங்கே சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில், கிழக்கு மூலையில், ஒரு முழ இடத்தில் சிக்னல் விழுந்தது. இரண்டடி தள்ளினால் போச்சு. பெரிய போன்களுக்கு அங்கேயும் எட்டவில்லை, அவளுடைய பட்டன் போனுக்கு மட்டும் எட்டியது. மகனுக்காகப் போக ஆரம்பித்தவள், பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள் என்று அவளுக்கும் தன் எண்ணைக் கொடுத்தாள். அப்புறம் எதிர்வீடு. அப்புறம் தெருவே வந்தது.

மாதம் ஒரு முறை பள்ளிக்கூடக் காகிதங்களோடு டவுனுக்குப் போவாள். அப்படியே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஊர்க்காரர்களின் பாரங்களையும் ஏற்றிவிட்டு வருவாள். மற்ற நாட்களில் நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலும் நோட்டுமாக வளைவுக்குப் போவாள். போனைக் கட்டைச் சுவரில் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். சில நாள் பத்து நிமிடத்தில் சேதி விழும், சில நாள் இருட்டும் வரை கல்லுப் போலக் கிடக்கும். விழுந்ததை எல்லாம் ஒரு எழுத்து மாறாமல் நோட்டில் எழுதி, தாளைக் கிழித்து, நாலாக மடித்து, இறங்கி வருகிற வழியில் வீடு வீடாகக் கொடுப்பாள். மழையானால் குடை, குளிரானால் கணவனின் பழைய கோட்டு. மர அறுவை மில்லில் வேலை பார்க்கிற அந்த மனிதர் வருடத்துக்குப் பத்து வார்த்தை பேசுவார். அதில் ஒன்பது, "இன்னைக்கும் போகணுமா" என்பதாக இருக்கும்.

அவளுக்கு இதில் பெருமை இல்லையா என்று கேட்டால், இருந்தது, கொஞ்ச நஞ்சமல்ல. யார் பாஸ், யார் ஃபெயில், யாருக்கு வேலை கிடைத்தது, யாருடைய ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்பதெல்லாம் ஊரில் முதலில் தெரிவது அவளுக்குத்தான். யாரிடமும் ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. ஆனால் தெரியும் என்கிற நடையோடு தெருவில் நடப்பாள். அந்த நடை சிலருக்குப் பிடிக்கவில்லை.

கீழே டவுன் ரோட்டில் காய்கறி பொறுக்கிக் கட்டுகிற ஷெட் ஒன்று உண்டு. ஊர்ப் பெண்கள் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். சாயங்காலம் ஷெட் வேன் அவர்களை வளைவில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும், அங்கிருந்து ஊருக்குள் வண்டி இறங்காது. ஒரு திங்கட்கிழமை அப்படி இறங்கியவர்களில் லாரி டிரைவரின் மனைவியும் ஒருத்தி. நல்ல மனுஷி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவளுடைய மூத்த பெண் பள்ளிப் படிப்பை முடித்து, டவுனில் இருக்கிற நர்ஸ் பயிற்சிப் பள்ளிக்கு மனுப் போட்டிருந்தாள். அந்த மனுவிலும் நம்பர் அக்காவின் எண்தான்.

நம்பர் அக்கா பாலத்துக்கு அந்தப் பக்கம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் இருப்பது தெரியாமல் லாரி டிரைவரின் மனைவி சொன்னாள்: "நம்ம வீட்டுச் சேதி நமக்கு முன்னாடி அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுடுது. எல்லாத்தையும் படிச்சுட்டு மிச்சத்தைத்தான் நமக்குக் கொடுக்குது. பாவம், அதுக்கும் பொழுது போக வேணாமா."

மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

படிக்காமல் எப்படி அம்மா எழுதுவது? இதை நம்பர் அக்கா தனக்குள்தான் கேட்டுக்கொண்டாள். பதினோரு வருடம் வெயில் மழை பார்க்காமல் ஏறி இறங்கிய முழங்கால் அந்த நேரம் பார்த்து விண்விண்ணென்று வலித்தது. எழுந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் சிரித்தவர்கள் முகத்தில் ஈ ஆடவில்லை. அவள் போனைக் கையில் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து, சிவப்புப் பட்டனை அழுத்தினாள். திரை கறுத்தது. ஸ்டூலை எடுத்துக்கொண்டு விடுவிடென்று இறங்கிப் போனாள். ரெண்டு நாள் தவிக்கட்டும், அப்போது தெரியும் இந்த அக்காவின் அருமை என்று வழி நெடுக மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவள் நேராக வீட்டுக்குப் போனாள். வழியில் இரண்டு பேர், "அக்கா, மேல போகலியா" என்று கேட்டார்கள். "உடம்புக்கு முடியலை" என்றாள். அன்றைக்கு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்த சுகம் அவளுக்கு எத்தனையோ வருடமாகக் கிடைக்காதது. கணவர்கூட ஆச்சரியமாகப் பார்த்தார்.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு லாரி டிரைவரின் மனைவி வந்துவிட்டாள். வேலைக்குப் போகாமல் இருந்திருக்கிறாள். உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றாள்.

"அக்கா, அன்னைக்கு ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. பொண்ணு மனு வேற போட்டிருக்கு. ராத்திரியெல்லாம் அதே நெனப்பா இருக்கு. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடறீங்களா?"

அந்த நிமிடத்தைத்தான் நம்பர் அக்கா பிற்பாடு எத்தனையோ தடவை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். வெளியில் நல்ல வெளிச்சம் இருந்தது. கிளம்பியிருந்தால் ஐந்தரைக்கு வளைவில் இருந்திருக்கலாம். கோபம்கூட அதற்குள் பாதிக்கு மேல் ஆறியிருந்தது. ஆனால் ஒருத்தி வாசலில் கை பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்க்க உள்ளுக்குள் இனித்தது. இனித்தது என்பதுதான் உண்மை, பூசி மெழுகுவதற்கு ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு நாள் நிற்கட்டுமே என்று தோன்றியது.

"இன்னைக்குக் கால் வலிக்குதும்மா. நாளைக்குப் பாக்கலாம்," என்றாள்.

"சரிக்கா, உடம்பைப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

வியாழக்கிழமை நாலரைக்கு வளைவில் போனை உயிர்ப்பித்தபோது சேதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன, மொத்தம் பதினொன்று. அவள் நோட்டை விரித்து, சண்டையில் ஜெயித்துவிட்டு வந்தவளைப் போல உற்சாகமாக எழுத ஆரம்பித்தாள். ஏழாவது சேதி நர்ஸ் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்திருந்தது. தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சம்மதம் என்று பதில் அனுப்ப வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்கு வழங்கப்படும் என்றிருந்தது. வந்த நேரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஆறரை மணி நேரம் தாண்டியிருந்தது. சம்மதம் என்று தட்டி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: காலக்கெடு முடிந்தது. சேதியின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். இரண்டு முறை நடுவில் அறுந்துபோனது. மூன்றாவது முறை ஒரு ஆண் குரல், "அந்த இடம் மத்தியானமே அடுத்தவங்களுக்குப் போயிருச்சும்மா" என்று சொன்னது. அவள் ஏதோ கெஞ்ச வாயெடுத்தாள். அதற்குள் அதுவும் அறுந்தது.

வேன் ஏறி வருகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் அவள் செய்தது அவளுக்கே பிற்பாடு நம்ப முடியாததாக இருந்தது. பதினோரு வருடத்தில் ஒரு புள்ளியைக்கூட விடாமல் எழுதியவள், அந்தச் சேதியை அழித்தாள். தான் அனுப்பிய பதிலையும் அழித்தாள். நோட்டில் பாதி எழுதியிருந்த தாளைக் கிழித்துக் கசக்கி ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டாள். வேனிலிருந்து இறங்கிய லாரி டிரைவரின் மனைவி ஓட்டமும் நடையுமாக வந்து, "வந்துச்சாக்கா?" என்றாள்.

"இன்னும் வரலை," என்றாள் நம்பர் அக்கா.

முதலில் இதைச் சரி பண்ணிவிடலாம், சரி பண்ணிவிட்டுச் சொல்லலாம் என்பதுதான் அவள் எண்ணம். எப்படிச் சரி பண்ணுவது என்று அவளுக்கு ஒரு வழியும் தெரியவில்லை. தப்புப் பண்ணினவர்கள் எல்லோரும் தங்களுக்குச் சொல்லிக்கொள்வதைத்தான் அவளும் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வாரம் பெண்ணும் ஷெட்டுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். "சேதி வர்ற வரைக்கும் வீட்டுல சும்மாதானே இருக்கா," என்றாள் அவள் அம்மா. சாயங்காலம் வேன் வந்ததும் மற்றவர்கள் இறங்கிப் போய்விடுவார்கள். பெண் மட்டும் நம்பர் அக்காவின் பக்கத்தில் கட்டைச் சுவரில் உட்கார்ந்துகொள்வாள். பீட்ரூட் பொறுக்கிப் பொறுக்கி அவள் விரல் நுனியெல்லாம் சிவந்து கிடக்கும். அதிகம் பேசமாட்டாள். போன் ஒரு தடவை சிணுங்கினால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அதைப் பார்ப்பார்கள்.

"உனக்கு இல்லம்மா, மெக்கானிக் வீட்டுக்கு."

"சரிக்கா."

வந்து போய்விட்ட சேதிக்காக ஒரு பெண் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தால் எப்படி இருக்கும்? நம்பர் அக்காவுக்கு நெருப்பின் மேல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. போகும்போது பெண் ஸ்டூலைத் தான் வாங்கிக்கொள்வாள். "கால் வலின்னு அம்மா சொன்னாங்க, நான் எடுத்துட்டு வர்றேன்" என்பாள். நம்பர் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் இரண்டு முறை வகுப்பை மாற்றி எழுதினாள். கணவர் ஒரு நாள், "என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். அவர் நம்பவில்லை, ஆனாலும் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்று அவர் மேல் கோபம் வந்தது. தன் தப்புக்கு யார் மேலாவது கோபப்பட முடிந்தால் அது ஒரு ஆறுதல்தான். அந்த ஆறுதலும் கொஞ்ச நேரம்தான் நின்றது.

பன்னிரண்டாம் நாள் அவளால் முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, லாரி டிரைவரின் வீட்டில், "டவுனுக்குப் போறேன், அந்த நர்ஸ் ஸ்கூல்லயே நேர்ல கேட்டுட்டு வர்றேன்" என்று தகவல் சொல்லிவிட்டு, காலை பஸ்ஸில் ஏறினாள். போய்க் காலில் விழுவது என்றுதான் தீர்மானம்.

பயிற்சிப் பள்ளியின் அலுவலகம் மாடியில் இருந்தது. நாலு மேஜை, சுவர் நிறைய இரும்பு அலமாரி, ஓடுகிறபோது டொக்டொக்கென்று அடிக்கிற மின்விசிறி. மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் ரிஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஸ்கேலைப் பிடித்த விதத்தைப் பார்த்ததுமே தன் ஜாதி கிளார்க் என்று நம்பர் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பெண்ணின் மனு எண்ணைச் சொன்னாள்.

"நீங்க அம்மாவா?"

"இல்லை. மனுவுல இருக்கறது என் நம்பர்."

அந்த அம்மாள் ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டினாள். "இந்த இடம் போயிடுச்சே. உள்ள வந்த பொண்ணு ஹாஸ்டல்லயே சேர்ந்தாச்சு. இனி யாரு வந்து கேட்டாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"எங்க ஊர்ல சிக்னல் கிடையாதும்மா. மலை மடிப்பு. சேதி வந்து சேர்றதுக்கே மூணு நாள் ஆகும்." இதைச் சொல்லும்போது அவள் குரல் நன்றாகத்தான் வந்தது. பஸ்ஸில் வரும்போதே கோர்த்து வைத்திருந்தது.

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா? இங்க சேர்ற பிள்ளைங்க பாதிப் பேரு மலைப்பக்கம்தான்." அந்த அம்மாள் ஒரு தாளை உருவி மேஜை மேல் திருப்பி வைத்தாள். "பதில் வரலைன்னா சும்மா விட்டுட மாட்டோம். மூணு தடவை போன் போடுவோம். தொடர்பு எல்லைக்கு வெளியில இருக்காங்கன்னு குரல் வந்துச்சுன்னா, சரி, பாவம் சிக்னல் இல்லைன்னு பத்து நாள் இடத்தை வச்சிருந்து தபால் அனுப்புவோம். உங்க நம்பர் அப்படிச் சொல்லலையே. அணைத்து வைக்கப்பட்டுள்ளதுன்னு சொல்லுச்சு. மூணு தடவையும். போனை அணைச்சு வச்சிருக்காங்கன்னா விருப்பம் இல்லைன்னுதானே நாங்க எடுத்துக்க முடியும்?"

தாளில் மூன்று வரி இருந்தது. செவ்வாய் மாலை நாலு மணி, அணைக்கப்பட்டுள்ளது. புதன் காலை பதினொன்று, அணைக்கப்பட்டுள்ளது. புதன் மாலை ஐந்து, அணைக்கப்பட்டுள்ளது. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

புதன் மாலை ஐந்து மணி என்பதை நம்பர் அக்கா விரலால் தொட்டாள். பதினோரு வருடமாக எது தவறினாலும் சிக்னல் மேல் பழி போட்டால் போதும், யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். இந்த ஒரு முறை சிக்னல் ஒரு குற்றமும் செய்யவில்லை. போனை வளைவில் அணைக்காமல் சும்மா வீட்டில் போட்டு வைத்திருந்தால்கூட அது எல்லைக்கு வெளியே என்று சொல்லியிருக்கும். தபால்காரர் கடிதம் கொண்டுவந்து கொடுத்திருப்பார். நாலு பேர் பார்க்கவேண்டும் என்று சிக்னல் விழுகிற இடத்திலேயே நின்று பட்டனை அழுத்தியது அவள்தான்.

"ஏன் அணைச்சு வச்சிருந்தீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"கோபம்," என்றாள் நம்பர் அக்கா.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு தாளை எடுத்து ஃபைலில் வைத்தாள். "அடுத்த வருஷம் போடச் சொல்லுங்க. வயசு இருக்கு," என்றாள்.

சாயங்கால பஸ் வளைவில் அவளை இறக்கிவிட்டபோது ஷெட் வேன் வந்து போயிருந்தது. பெண் மட்டும் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். நம்பர் அக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வைத்தால் மனசு மாறிவிடும் என்று பயம். நின்றபடியே திங்கட்கிழமை முதல் எல்லாவற்றையும் சொன்னாள். போனை அணைத்ததைச் சொன்னாள், புதன்கிழமை கால் வலி என்று சொன்னது பொய் என்பதைச் சொன்னாள், சேதியை அழித்ததைச் சொன்னாள்.

"தெரியும்கா," என்றாள் பெண்.

நம்பர் அக்காவுக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?"

"போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறு அப்பா லாரியில டவுனுக்குப் போனேன். அந்த ஸ்கூல் வாசல்ல லிஸ்ட் ஒட்டியிருந்துச்சு. ஏழாவது பேரு என்னுது. மேல சிவப்பு மையில கோடு. பக்கத்துல பதில் இல்லைன்னு எழுதியிருந்துச்சு. சேதி அனுப்பின தேதியும் இருந்துச்சு. நீங்க போனை அணைச்சு வச்சிருந்த நாள் எனக்கு மறக்குமா?"

"அப்புறமும் தினம் ஏம்மா வந்து உக்காந்த?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்."

நம்பர் அக்கா அப்போதுதான் பையைக் கீழே வைத்தாள். அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கவும் கை வரவில்லை. ஒன்பது நாள். மெக்கானிக் வீட்டுக்கு, தையல்காரர் வீட்டுக்கு என்று அவள் சொன்னதை எல்லாம் இந்தப் பெண் தெரிந்துகொண்டே, சரிக்கா, சரிக்கா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பெண் அவளைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் நம்பர் அக்கா அதையும் தாங்கியிருக்க மாட்டாள்.

"வா, உங்க அம்மாகிட்ட நானே சொல்லிடறேன். என்னை என்ன வேணா பேசட்டும். தெருவுல நிக்க வச்சுப் பேசட்டும்."

"வேணாம்." பெண் சட்டென்று எழுந்தாள். "அம்மா உங்களைப் பேசாது. தன்னைத்தான் பேசிக்கும். என் வாயாலதான் போச்சு, அன்னைக்கு நான் சும்மா இருந்திருந்தா பொண்ணு நர்ஸாயிருப்பான்னு சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருக்கும். அந்த வீட்டுல இருக்கப் போறது நான்தான். என்னால தினம் அதைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"சும்மா இருங்க," என்றாள் பெண். "உங்களால முடியும். இத்தனை நாள் இருந்தீங்கல்ல."

இரண்டு பேரும் இறங்கினார்கள். அன்றைக்கு ஸ்டூல் இல்லை, பெண்ணின் கைகள் சும்மாதான் இருந்தன. ஆனாலும் நம்பர் அக்காவின் பையை அவள் வாங்கவில்லை. கேட்டாலும் நம்பர் அக்கா கொடுத்திருக்க மாட்டாள்.

தன் வீட்டுக்குத் திரும்பிவிட அவள் பார்த்தாள். முடியவில்லை. லாரி டிரைவரின் மனைவி தெருமுனையிலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கூட்டிப் போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. இவள் வருவாள் என்று முன்கூட்டியே வைத்திருக்கிறாள். பெண் பின்கட்டுக் குழாயடிக்குப் போய்விட்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"என்னக்கா சொன்னாங்க?"

நம்பர் அக்கா வாயைத் திறந்தாள். குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"இந்த வருஷம் இல்லைன்னுட்டாங்கம்மா. இடம் எல்லாம் முடிஞ்சுபோச்சாம்."

லாரி டிரைவரின் மனைவி அடுப்பிலிருந்து டீயை இறக்கினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு டீயை வடிகட்டினாள். "போகட்டும்கா. கொடுத்து வைக்கலை. ஆனா ஒண்ணு சொல்றேன். லீவு போட்டு, பஸ் ஏறி, இந்த வயசுல அம்மாந் தூரம் அலைஞ்சு, யாரோ ஒருத்தி பொண்ணுக்காக யாருக்கா போய்க் கேப்பாங்க? நான் உங்களைப் பத்தி ஒரு நாள் என்னென்னமோ பேசினேன். நெனச்சா இப்பவும் கூசுது. அடுத்த வருஷமும் பாரம் வந்தா உங்க நம்பரையே போட்டுருங்கக்கா."

பெண் ஈரக் கையோடு வாசற்கதவு ஓரத்தில் வந்து நின்றாள். எவ்வளவு தேய்த்தும் விரல் நுனியில் சிவப்பு போயிருக்கவில்லை.

"அவங்க நம்பர்தாம்மா போட்டாகணும்," என்றாள். "இங்க வேற எது இருக்கு?"

"போடறேன்," என்றாள் நம்பர் அக்கா.

"குடிங்கக்கா, ஆறிடும்," என்று லாரி டிரைவரின் மனைவி டம்ளரை அவள் கையில் வைத்தாள். சர்க்கரை ஒரு கரண்டி கூடவே போட்டிருந்தாள். நம்பர் அக்கா அந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். குடிக்காமல் எழுந்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.